ஸ்டிக்கர் சொல்லாத மூன்று எண்கள்

மேசைக் கணினியில் இருக்கும் பழைய இன்டெல் சில்லு ஒன்றைக் கழற்றி, அதன் உலோக மூடியில் காய்ந்திருக்கும் பசையைத் துடைத்தால், வரிசை எண்களுக்கு நடுவே மலேசியாவின் பெயர் ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சுருக்கமாகப் பொறித்திருப்பது தெரியும். ஏஎம்டி சில்லுகளில் அதைவிட விரிவாக, ஜெர்மனியில் உருவாகி மலேசியாவில் தயாரானது என்றே எழுதியிருந்த காலம் உண்டு. அந்த எழுத்துகள் சுட்டுகிற இடங்களில் முதன்மையானது நம் பினாங்குத் தீவின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது: பாயான் லெப்பாஸ்.

1969இல் பினாங்கு தன் சுதந்திரத் துறைமுகத் தகுதியை இழந்தது. ஜார்ஜ் டவுனில் வேலையில்லாத் திண்டாட்டம் முற்றியிருந்த நேரம் அது. அந்த ஆண்டு முதலமைச்சராக வந்த லிம் சோங் இயூவின் அரசு, வயல்வெளியாகக் கிடந்த பாயான் லெப்பாஸில் தீர்வையற்ற தொழில் வட்டாரத்தை உருவாக்கியது. 1972இல் இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை இங்கேதான் அமைத்தது. ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, பாஷ், கிளாரியன், லிட்ரோனிக்ஸ் ஆகியவற்றோடு சேர்த்து அந்த முதல் எட்டு நிறுவனங்களை ‘எட்டுச் சாமுராய்கள்’ என்று ஊர் இன்னும் சொல்கிறது. நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய பொன் கம்பியைச் சில்லில் பொருத்திய முதல் தலைமுறையில், மலாய், சீனப் பெண்களோடு ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள். இன்று உலகின் சில்லுப் பொதிப்பு, சோதனை வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது என்றால், அதற்கு முதல் போட்டது அவர்களுடைய கண்களும் விரல்களும்தான்.

பொதிப்பு, சோதனை என்ற இரண்டில் வெளியாருக்கு அதிகம் தெரியாதது சோதனை. கடையில் மடிக்கணினி வாங்கப் போகிறவரைக் குழப்பும் பெயர்களில் பாதி அங்கேதான் முடிவாகிறது.

வேறு நாட்டு ஆலையிலிருந்து வட்டத் தகடாக வரும் சிலிக்கானில் நூற்றுக்கணக்கான சில்லுகள் இருக்கும். எல்லாம் ஒரே வரைபடம், ஒரே உலை. ஆனாலும் இரண்டு சில்லுகள் அச்சு அசலாக ஒன்றுபோல் அமைவதில்லை. ஒன்று குறைந்த மின்னழுத்தத்திலேயே வேகமாக ஓடும், இன்னொன்று சூடாகும், வேறொன்றில் ஒரு மூலை வேலை செய்யாது. சோதனைக் கருவி ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்துத் தரம் பிரிக்கிறது. பழுதான பகுதி நிரந்தரமாக மூடப்படுகிறது. பழுதே இல்லாத பகுதியும் விலை வரிசைக்காகச் சில சமயம் மூடப்படுவது உண்டு. 2020இல் வந்த இன்டெல்லின் டைகர் லேக் சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கிராஃபிக்ஸ் பகுதியில் 96 கணக்கிடும் அலகுகள். அத்தனையும் திறந்திருந்தால் ‘கோர் ஐ7-1165ஜி7’. 80 மட்டும் திறந்திருந்தால் ‘கோர் ஐ5-1135ஜி7’. கிராஃபிக்ஸின் பெயரோ இரண்டிலும் ‘ஐரிஸ் எக்ஸ்இ’. ஆறில் ஒரு பங்கு குறைந்திருப்பதைப் பெயர் சொல்லாது.

இந்தக் கிராஃபிக்ஸ் பகுதி செய்யும் வேலை என்ன? திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கணக்கிடுவது. முழு எச்டி திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். விநாடிக்கு 60 முறை அவற்றைப் புதுப்பிக்க வேண்டும். ஒரு புள்ளியின் கணக்குக்கும் அடுத்த புள்ளியின் கணக்குக்கும் தொடர்பு குறைவு. அதனால் அதிவேகமான சில மூளைகளைவிட, எளிய கணக்கை ஒரே நேரத்தில் போடும் நூற்றுக்கணக்கான சிறு அலகுகள் இதற்கு ஏற்றவை. விளையாட்டுக் கணினியில் இவை தனிச் சில்லாக, தங்களுக்கென்றே நினைவகத்தோடு இருக்கும். சாதாரண மடிக்கணினியில் முதன்மைச் செயலியோடு ஒட்டிப் பிறந்து, அதன் ரேமிலேயே பங்கு கேட்கும். அதனால்தான் ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸ் என்கிறோம்.

1999இல் இன்டெல் 810 என்ற துணைச்சில்லுக்குள் கிராஃபிக்ஸ் குடியேறியது. 2010இல் செயலியின் பொதிக்குள்ளேயே பக்கத்துத் துண்டாக வந்தது. 2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜில் இரண்டும் ஒரே சிலிக்கான் துண்டாயின. பொறியியல் இப்படி நேர்கோட்டில் போக, பெயர்கள் வேறு திசையில் போயின. 2007இல் மடிக்கணினிகளில் ‘ஜிஎம்ஏ எக்ஸ்3100’ இருந்தது. 2010இன் குட்டிக் கணினிகளில் ‘ஜிஎம்ஏ 3150’. எண்ணைப் பார்த்தால் பின்னது உயர்ந்தது. உண்மையில் அது இன்னும் பழைய தலைமுறையின் வழிவந்த, பலம் குறைந்த வடிவம். முன்னால் இருந்த அந்த ஒற்றை ‘எக்ஸ்’தான் எல்லாமே. ‘எச்டி கிராஃபிக்ஸ்’ என்ற எண்ணில்லாப் பெயரைப் பல தலைமுறைச் செலரான், பென்டியம் சில்லுகள் மாறி மாறிச் சுமந்தன. எச்டி 3000, 4000, 5500, 6000 என்று ஏறிய எண், 2015இல் திடீரென 520 ஆனது. 48 அலகுகள் கொண்ட எச்டி 6000க்குப் பிறகு வந்த எச்டி 520இல் இருந்தது 24 அலகு. 2017இல் ‘எச்டி 620’ என்பது ‘யுஎச்டி 620’ ஆகியது. அலகு அதே 24, வடிவமைப்பும் அதே. ஓர் எழுத்து மட்டும் கூடியது. புதிய பலம் கிடைத்தது என்று நம்பி எத்தனை பேர் கூடுதல் வெள்ளி கொடுத்திருப்பார்களோ.

ஏஎம்டி பக்கமும் இதே கதைதான். ரைசன் 7000 வரிசையில் ‘7840யு’ வாங்கினால் ரேடியான் 780எம் கிடைக்கும், 2023இன் புதிய வடிவமைப்பு. அதே வரிசையில் ‘7730யு’ வாங்கினால் வெறும் ‘ரேடியான் கிராஃபிக்ஸ்’. உள்ளே இருப்பது வேகா என்ற பழைய வடிவமைப்பு. 610எம், 680எம் என்ற இரண்டு பெயர்களைப் பாருங்கள். ஏதோ பத்து விழுக்காடு வித்தியாசம்போல் தோன்றும். முன்னதில் 2 கணக்கு அலகு, பின்னதில் 12.

சரி, அலகுகளை எண்ணினால் போதுமா? முதல் எண் அதுதான், ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் அளவுகோல் வேறு. டைகர் லேக்கில் இன்டெல்லின் ஓர் அலகு ஒரே நேரத்தில் 8 கணக்குப் போடும். ஏஎம்டியின் ஓர் அலகு 64 போடும். 96ஐ 8ஆல் பெருக்கினால் 768. ரேடியான் 680எம்மின் 12ஐ 64ஆல் பெருக்கினாலும் 768. காகிதத்தில் சரிசமம். ஆனால் ஐ7-1165ஜி7இல் அவை 1.3 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடுகின்றன. ரைசன் 7 6800யுவின் 680எம்மில் 2.2 வரை. விளையாட்டுகளில் 680எம் தெளிவாக முந்துகிறது. அந்த முந்தலுக்கு வேகம் ஒரு பாதி காரணம். மறுபாதி, இரண்டாவது எண்ணான ரேமுக்குப் போகும் வழி.

என் பார்வையில் இந்தத் துறையில் வாங்குபவருக்கு மிக அதிகம் மறைக்கப்படும் செய்தி இந்த வழிதான். 1985இல் பினாங்குப் பாலம் திறந்தபின் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே கார், பஸ், கன்டெய்னர் லாரி எல்லாம் சாலை வழியாகப் போக அந்த ஒரு பாலம்தான் இருந்தது. 2014இல் இரண்டாவது பாலம் வரும்வரை, பாயான் லெப்பாஸில் எத்தனை புது ஆலை கட்டினாலும் ஷிப்ட் மாறும் நேரத்தில் எல்லாரும் அதே பாலத்தில்தான் நிற்க வேண்டியிருந்தது. ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸின் நிலையும் அதுவே. டிடிஆர்4-3200 வகை ரேம் ஒற்றைத் தடத்தில் விநாடிக்கு 25.6 கிகாபைட் கொடுக்கும். அதையும் செயலியோடு பங்கிட வேண்டும். இரட்டைத் தடம் போட்டால் 51.2. தனி கிராஃபிக்ஸ் சில்லான மடிக்கணினி ஆர்டிஎக்ஸ் 4060க்கு அதன் சொந்த நினைவகம் கொடுப்பது 256. அலகுகளைக் கூட்டிக்கொண்டே போனாலும், தரவு வந்து சேராவிட்டால் அவை சும்மா காத்திருக்கும்.

இது இன்டெல்லுக்கு எப்போதோ தெரியும். 2013இல் ஐரிஸ் புரோ 5200க்காக 128 மெகாபைட் நினைவகத் துண்டு ஒன்றைப் பொதிக்குள்ளேயே பக்கத்தில் வைத்தது. பலன் நன்றாக இருந்தது, விலை அதிகம், பரவவில்லை. ஆப்பிளும், அண்மையில் ரைசன் ஏஐ மேக்ஸ் வரிசையில் ஏஎம்டியும் வழியையே அகலப்படுத்தின. ஏஎம்டியின் அந்தச் சில்லு விநாடிக்கு 256 கிகாபைட்டைத் தொடுகிறது, ஆர்டிஎக்ஸ் 4060க்குக் கிடைக்கும் அதே அளவு. ஒருங்கிணைந்தது என்றாலே பலவீனம் என்ற பேச்சு இனி செல்லாது. ஒடுங்கிய வழிதான் பலவீனம்.

இங்கேதான் பெயர் விவகாரம் உச்சத்துக்கு வருகிறது. டைகர் லேக் மடிக்கணினியில் இரண்டு ரேம் பட்டைகள் இருந்தால் விண்டோஸ் அதை ‘ஐரிஸ் எக்ஸ்இ’ என்று காட்டும். ஒன்றைப் பிடுங்கிவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள். அதே சில்லு ‘யுஎச்டி கிராஃபிக்ஸ்’ ஆகிவிடும். இது பிழையல்ல, இன்டெல்லே வகுத்த விதி: 128 பிட் அகல நினைவக வழி இல்லையென்றால் ஐரிஸ் என்ற பெயர் இல்லை. நான் இந்த விதியை வரவேற்கிறேன். பலத்துக்கும் பெயருக்கும் தொடர்பு வைத்த அபூர்வமான விதி இது. குறை என்னவென்றால், கடை ஸ்டிக்கருக்கு இந்த விதி தெரியாது. ஐரிஸ் என்று ஒட்டி, ஒற்றை 8 கிகாபைட் பட்டையோடு விற்கப்படும் கணினியை வாங்கும் மாணவருக்கு, தான் கொடுத்த காசில் ஒரு பகுதி தூங்கிக்கொண்டிருப்பது தெரியவே தெரியாது.

2023 டிசம்பரில் வந்த கோர் அல்ட்ராவுக்கு இந்த விதி இன்னும் இறுகியது. எச் வரிசைச் சில்லோடு 16 கிகாபைட் ரேமும் இரட்டைத் தடமும் சேர்ந்திருந்தால்தான் ‘ஆர்க்’ என்ற பெயர். இல்லாவிட்டால் வெறும் ‘இன்டெல் கிராஃபிக்ஸ்’. ஆனால் குறைந்த மின்சாரத்தில் ஓடும் அல்ட்ரா 5 125யுவுக்கும் பெயர் ‘இன்டெல் கிராஃபிக்ஸ்’தான். பழைய 96 அலகு வடிவமைப்பையே கொண்ட கோர் 7 150யுவுக்கும் அதே பெயர். மூன்று வேறு பலம், ஒரே பெயர். இதை எந்த விளக்கம் கொண்டும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

மூன்றாவது எண் மின்சாரம். ஐ7-1165ஜி7ஐ மடிக்கணினித் தயாரிப்பாளர் 12 வாட்டிலும் ஓடவிடலாம், 28 வாட்டிலும் ஓடவிடலாம். அந்த வாட்டைச் செயலியும் கிராஃபிக்ஸும் பங்கிட்டுக்கொள்கின்றன. மெல்லிய உடலும் சின்ன விசிறியும் கொண்ட கணினி, விளையாட்டு தொடங்கிய சில நிமிடங்களில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கத்து மேசையில், அதே சில்லும் அதே ஸ்டிக்கரும் கொண்ட பருமனான கணினி சளைக்காமல் ஓடும். நம் ஊர் வெப்பத்தில், குளிரூட்டி இல்லாத அறையில், இந்த வித்தியாசம் இன்னும் கூடும்.

கோர் அல்ட்ராவின் முதல் தலைமுறையான மீட்டியர் லேக்கில் சிலிக்கான் மறுபடி பிரிந்துவிட்டது. செயலித் துண்டு இன்டெல்லின் சொந்த ஆலையில். கிராஃபிக்ஸ் துண்டு தைவானின் டிஎஸ்எம்சியில். தனித்தனித் துண்டுகளை ஓர் அடித்தளச் சிலிக்கானின்மேல் அருகருகே அமர்த்தி இணைக்கும் முறைக்கு ஃபோவெரோஸ் என்று பெயர். 2023 ஆகஸ்டில் இன்டெல் பன்னாட்டுச் செய்தியாளர்களைப் பினாங்குக்கும் கூலிமுக்கும் அழைத்துவந்து, மீட்டியர் லேக் பொதியப்பட்டுச் சோதிக்கப்படும் கூடங்களைக் காட்டியது. இந்த மேம்பட்ட பொதிப்புக்காகப் பினாங்கில் புதிய ஆலையையும் சேர்த்து, பத்தாண்டுகளில் 3,000 கோடி ரிங்கிட் மலேசியாவில் முதலிடுவதாக 2021 டிசம்பரில் அந்நிறுவனம் அறிவித்திருந்தது. ஏஎம்டியின் பினாங்கு ஆலை 2016இல் 85 விழுக்காடு சீன நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனாலும், அதே பாயான் லெப்பாஸில் தொடர்கிறது. பொன் கம்பியில் தொடங்கிய ஊர், கிராஃபிக்ஸை எங்கே அமர்த்துவது, எப்படி இணைப்பது என்ற கேள்வியின் மையத்துக்கு வந்திருப்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதனால்தான் இந்தப் பெயர்க் குழப்பம் எனக்கு உறுத்துகிறது. ஒவ்வொரு சில்லையும் ஓட்டி அளந்து, அதன் பலத்தைத் துல்லியமாக அறிந்த பிறகே அது பினாங்கைவிட்டுப் போகிறது. அந்தத் துல்லியம் வாங்குபவரிடம் போய்ச் சேரும்முன் தொலைந்துபோகிறது.

எல்லாருக்கும் இந்தக் கவலை வேண்டியதில்லை. படம் பார்க்க, கட்டுரை எழுத, கூகுள் மீட்டில் பாடம் கேட்க எந்த ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸும் போதும். காணொளியை விரித்துக் காட்டத் தனி மின்சுற்றே அதற்குள் இருக்கிறது. டைகர் லேக் முதல் ஏவி1 வகைக் காணொளியும் அடக்கம். ஆனால் பிள்ளை கட்டடக் கலையோ அனிமேஷனோ படிக்கப் போகிறது, காணொளித் தொகுப்பு செய்யப் போகிறது, விளையாடவும் போகிறது என்றால், அலகு எண்ணிக்கை, நினைவக வழியின் அகலம், வாட் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். அரிசி மூட்டையில் எடை அச்சிட்டிருப்பதுபோல் இந்த மூன்றையும் பெட்டியின்மேல் அச்சிடும்படி தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்துவது பயனீட்டாளர் துறையால் முடியாத காரியமல்ல.

அதுவரை, கடையில் பணம் கட்டும்முன் கணினியைத் திறக்கச் சொல்லி ‘டாஸ்க் மேனேஜர்’ போங்கள். ‘மெமரி’ பக்கத்தில் இரண்டு இடங்களில் ஒன்று மட்டும் நிரம்பியிருந்தால், அதே வகை, அதே அளவு ரேம் பட்டை இன்னொன்றைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பட்டைக்கு இடமே இல்லாமல் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தால், இரட்டைத் தடமா என்று எழுத்தில் கேளுங்கள். பட்டை போட்டபின் ‘ஜிபியூ’ பக்கத்தில் தெரியும் பெயரைப் பாருங்கள். ஸ்டிக்கரில் உள்ள பெயர் அங்கேயும் இருந்தால் வாங்குங்கள்.