சுவர் எழுப்புமுன் ஒரு மதிப்பெண் பட்டியல்

வீட்டுக் கடன் விண்ணப்பத்தோடு வரும் கட்டட மதிப்பீட்டில், சுவர் எந்தக் கல்லால் என்பது ஒரே வரியில் முடிந்துவிடும். காரணம் வினவினால், 'மேஸ்திரி சொன்னார்' அல்லது 'விலை குறைவு' என்பதே பெரும்பாலும் விடை. இருபது ஆண்டுகள் தவணை செலுத்தவேண்டிய வீட்டுக்கு இவ்விடை போதாது என்பது நம் கருத்து.

பொறியாளர்கள் இத்தகைய தேர்வுகளுக்குப் பல்காரணி முடிவெடுப்பு முறையைக் கையாளுகின்றனர். பெயர்தான் அச்சுறுத்தும், கணக்கு எளிது. நாகபுரியில் வீடு கட்டும் ஒருவர் செங்கல், நிலக்கரிச் சாம்பல் கல், ஏ.ஏ.சி. எனப்படும் இலகுக் கல் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்வதாகக் கொள்வோம். 100 புள்ளிகளை விலைக்கு 40, வெப்பத் தடுப்புக்கு 25, கொத்தனாரின் பழக்கத்துக்கு 20, எடைக் குறைவுக்கு 15 எனப் பங்கிடுகிறார். பின்னர் ஒவ்வொரு கல்லுக்கும் காரணிவாரியாகப் பத்துக்கு மதிப்பெண் இட்டு, பங்கால் பெருக்கிக் கூட்டுகிறார்.

எடுத்துக்காட்டாக, மேற்சொன்ன வரிசையிலேயே செங்கல்லுக்கு 6, 4, 9, 4, சாம்பல் கல்லுக்கு 8, 4, 8, 4, ஏ.ஏ.சி. கல்லுக்கு 5, 9, 5, 9 என நாம் இட்டுப் பார்த்தோம். கூட்டுத்தொகை முறையே 580, 640, 660. ஏ.ஏ.சி. முந்துகிறது. ஆனால் விலையின் பங்கை 50 ஆக்கி, வெப்பத்தின் பங்கை 15 ஆகக் குறைத்தால் சாம்பல் கல் 680, ஏ.ஏ.சி. 620 என முடிவு தலைகீழாகிறது. ஆகவே பங்குகளை முதலில் எழுதி மடித்து வைத்துவிட்டு, அதன்பின்பே விலைப்புள்ளி கேட்பது நல்லது. விருப்பமான கல் வெல்லும்வரை எண்களைத் திருத்துவது எவருக்கும் எளிது!

பங்குகளை நிர்ணயிப்பதில் கணவன் மனைவிக்குள் கருத்து வேறுபடின், 1970களில் தாமஸ் சாட்டி என்னும் கணிதவியலாளர் வகுத்த முறை உதவும். காரணிகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, ஒன்று மற்றொன்றைவிட எவ்வளவு முக்கியம் என்பதை 1 முதல் 9 வரையிலான எண்ணால் குறிப்பதே அது. விலை வெப்பத்தைவிடவும், வெப்பம் எடையைவிடவும் முக்கியம் என்றவர், பின்னர் எடையே விலையைவிட முக்கியம் என்பாராயின், அம்முரண்பாட்டையும் கணக்கு காட்டிக்கொடுக்கும்.

உறுதியையும் பாதுகாப்பையும் இப்பட்டியலில் சேர்த்தலாகாது. மலிவுக்குக் கிடைக்கும் மதிப்பெண் வலுக்குறைவை ஈடுசெய்துவிடும் அபாயம் உண்டு. தரச் சோதனையில் தேறாத கல்லை முதலிலேயே விலக்கிவிட வேண்டும். நிலநடுக்க அபாயம் மிகுந்த கவுகாத்தி போன்ற ஊர்களில் எடைக்கு 15 பங்கும் போதாது. செங்கல் சுவர் கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,900 கிலோ, ஏ.ஏ.சி. கல்லோ அதில் பாதிக்கும் குறைவு. கட்டடம் எவ்வளவு கனமோ, அவ்வளவு விசையை நிலநடுக்கம் அதன்மேல் செலுத்தும்.

எடை குறைந்தால் தூண், அடித்தளம் ஆகியவற்றுக்கான கம்பியும் குறைய வாய்ப்புண்டு. எனவே கல்லை மாற்றும் எண்ணமிருப்பின், வரைபடம் முடிவாகுமுன் பொறியாளரிடம் கூறித் திருத்திய மதிப்பீட்டைப் பெறுக. கடன் தொகை கட்டுமான நிலைக்கேற்ப விடுவிக்கப்படுவதால், முதல் தவணை வழங்கப்படுமுன் அம்மதிப்பீட்டைக் கிளையில் அளித்தல் வேண்டும்.