மூன்று புள்ளிகளை நம்பி எவ்வளவு தூரம் போகலாம்?

குவாண்டம் கணினியின் கியூபிட் எளிதில் தடுமாறும். அதனால் பல கியூபிட்களை ஒன்றுசேர்த்து ஒரே 'தருக்கக் கியூபிட்' ஆக்கி, சுற்றுக்குச் சுற்று பிழையைத் திருத்துகிறார்கள். அப்போது கிடைக்கும் எண்களுக்கு எந்தச் சூத்திரம் பொருந்தும் என்ற கேள்வி, எத்தனை கியூபிட் வேண்டும் என்ற கணக்கையே மாற்றிவிடும். 2023 ஏப்ரல் 19 அன்று டெல்லியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ரூ. 6,003.65 கோடி தேசிய குவாண்டம் இயக்கத்தின் இலக்கு, எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 கியூபிட் வரை. ஆயிரம் போதுமா?

2024-இல் வெளியான கூகுளின் வில்லோ சில்லுச் சோதனையில், 101 கியூபிட் கொண்ட 'தூரம் 7' குறியீட்டில் (தூரம் என்பது பிழைதிருத்தக் குறியீட்டின் அளவு) பிழை சுற்றுக்கு 0.143 சதவீதம். இதை நேர்கோடாக நீட்டினால் 250 சுற்றில் பிழை 36 சதவீதமாகும். ஆனால் தருக்கக் கியூபிட் இரண்டு முறை புரண்டால் பழைய நிலையே திரும்பிவிடும். நாணயம் சுண்டுவதைவிட மோசமாக எதுவும் ஆகாது. ஆகவே 50 சதவீதத்தில் படியும் வளைகோடே சரி. அது தருவது சுமார் 26 சதவீதம். முதல் சில சுற்றுகளில் மட்டும் இரண்டும் ஒன்றுபோல் தெரியும்.

சிக்கலான சூத்திரம் தரவோடு எப்போதும் கூடுதலாக ஒட்டும். அதற்குத் தண்டம் விதிப்பவை 1970களில் புள்ளியியலாளர் அகைகே தந்த அளவுகோலும் 1978-இல் ஷ்வார்ஸ் தந்த அளவுகோலும். கூடுதல் அளபுரு (தரவைக் கொண்டு சூத்திரத்தில் பொருத்தும் எண்) ஒவ்வொன்றுக்கும் அகைகேயின் தண்டம் 2; ஷ்வார்ஸின் தண்டம் தரவு எண்ணிக்கையின் இயல்மடக்கை. எட்டுத் தரவு இருந்தாலே இரண்டாவதுதான் கடுமை.

உண்மையான சங்கடம் அடுத்த படியில் வருகிறது. தூரம் 3, 5, 7 என மூன்றே புள்ளிகள். தூரம் இரண்டு கூடும்போதெல்லாம் பிழை 2.14 மடங்கு குறைகிறது என்பது இரண்டு அளபுரு மாதிரி. 'இதற்குக் கீழே பிழை இறங்காது' என்ற தளத்தையும் சேர்த்தால் மூன்று அளபுரு. மூன்று புள்ளிக்கு அது கச்சிதமாகப் பொருந்தும், எதையும் நிரூபிக்காது. எந்த அளவுகோலும் இங்கே கைகொடுக்காது. கூடுதல் தரவுதான் வேண்டும். எளிய மறுபதிவுக் குறியீட்டைத் தூரம் 29 வரை நீட்டிய பிறகே அத்தகைய தளம் தெரிந்தது: ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை, அதாவது 300 கோடி சுற்றுக்கு ஒருமுறை, பல கியூபிட்களைச் சேர்த்துத் தாக்கும் பிழை.

2.14 அப்படியே நீடித்தால், பத்து லட்சத்தில் ஒன்று என்ற பிழை அளவுக்குத் தூரம் 27, அதாவது 1,457 கியூபிட் தேவை. அந்த எண் 2 ஆகத் தேய்ந்தால் 1,681. இரண்டுமே இயக்கத்தின் மேல்வரம்பைத் தாண்டியவை. அதுவும் ஒரே ஒரு தருக்கக் கியூபிட்டுக்கு.