தெரிந்த கதையே நல்ல வாசல்

திருச்சியில் ஒருவருக்கு அனிமே பார்க்கும் ஆசை வந்துவிட்டால், எதில் தொடங்குவது என்று இரண்டு ரசிகர்களைக் கேட்டுப் பார்க்கட்டும். மூன்று பதில்கள் வரும். ஒருவர் ‘ஒன் பீஸ்’ என்பார், மற்றவர் ‘நருட்டோ’ என்பார், கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து ‘டெத் நோட்’ என்பார்கள். மூன்றும் நல்ல தொடர்கள்தான். ஆனால் ‘ஒன் பீஸ்’ 1999இல் தொடங்கி இன்னும் முடியவில்லை. 1,100 எபிசோடுகளைத் தாண்டிவிட்டது. நாளுக்கு ஒன்றாகப் பார்த்தால் மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். ‘நருட்டோ’வில் முதல் பாகம் 220, இரண்டாம் பாகம் 500. நூறு தொடர்களைப் பார்த்து முடித்தவருக்கு இந்த நீளமெல்லாம் ஒரு சுகம். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பவருக்கு அது மலைப்பு. ‘மிகச் சிறந்த பத்து’ பட்டியல்கள் பழகியவர்களின் பாசத்தை அளக்கின்றன. புதியவரின் முதல் மாலையை அளப்பதில்லை. அந்த முதல் மாலைக்கு ஒரு எளிய விதி போதும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்: ஏற்கெனவே தெரிந்த கதை ஒன்றில் தொடங்குங்கள். கதை தெரிந்திருந்தால்தான் கலை கண்ணில் படும். திருச்சி, ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு அப்படி ஒரு படம் தயாராகவே இருக்கிறது.

முதலில் அனிமே என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அனிமேஷன் என்ற சொல்லை ஜப்பானியர்கள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி சுருக்கிக்கொண்டதுதான் அனிமே. அவர்கள் ஊரில் எந்த நாட்டுக் கார்ட்டூனுக்கும் அந்தப் பெயர் பொருந்தும்; வெளியே நாம்தான் ஜப்பானில் உருவானவற்றுக்கு மட்டும் அதை ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஆகவே அது ஒரு கதை வகை அல்ல, கதை சொல்லும் ஊடகம். 1988 ஏப்ரல் 16 அன்று ஜிப்லி ஸ்டுடியோவின் இரண்டு படங்கள் ஜப்பானில் ஒரே நாளில், இரட்டைக் காட்சியாக வெளியாயின. ஒன்று, ‘மை நெய்பர் டோட்டோரோ’: கிராமத்து வீட்டுக்குக் குடிவரும் இரண்டு சிறுமிகள், மரத்தடியில் தூங்கும் ஒரு பெரிய பூதம். மற்றது, ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்’: போர்க்காலக் குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பசியில் வாடுவது. முதல் படத்தை மூன்று வயதுக் குழந்தைக்குக் காட்டலாம். இரண்டாவதைப் பெரியவர்களே ஒருமுறைக்கு மேல் தாங்கமாட்டார்கள். “கார்ட்டூன்தானே, குழந்தைகள் பார்க்கட்டும்” என்று ரிமோட்டைக் கொடுத்துவிடும் பழக்கம் இங்கே செல்லாது என்பதற்கு இந்த ஒரு நாளே சாட்சி.

அடுத்தது, இந்தக் கலை எப்படி இயங்குகிறது என்பது. சினிமாவில் ஒரு நொடிக்கு 24 பிம்பங்கள் ஓடுகின்றன. கையால் வரையும் படத்தில் ஒவ்வொன்றுக்கும் புதிய ஓவியம் போட்டால் பணமும் நாளும் தாங்காது. 1963 ஜனவரியில் ஒசாமு தெசுகா ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடரை வாரம் அரை மணி நேரம் தொலைக்காட்சியில் கொடுக்கத் துணிந்தபோது அவர் கையாண்ட வழி சிக்கனம். ஒரே ஓவியத்தை மூன்று பிம்பங்களுக்கு நிறுத்திவைத்தால் நொடிக்கு எட்டு ஓவியம் போதும். பேசும்போது முகம் அசைய வேண்டாம். மூடிய வாய், பாதி திறந்த வாய், முழுதும் திறந்த வாய் என்று மூன்று வரைந்து மாற்றி மாற்றி வைத்தால் பேச்சு வந்துவிடும். ஓடுகிறவனை ஒரே இடத்தில் ஓடவிட்டுப் பின்னணியை நகர்த்தினால் அவன் ஊரையே கடந்துவிடுவான். வறுமையில் பிறந்த இந்த உத்திகள் பின்னால் ஒரு அழகியலாகவே மாறின. அசைவு குறைந்த இடத்தில் நிலையான ஓவியம் பேச வேண்டியிருந்தது. அதனால் கண், ஒளி, வானம், காற்று எல்லாவற்றிலும் கூடுதல் கவனம் விழுந்தது. ஸ்ரீரங்கம் கோயிலின் சேஷராயர் மண்டபத்தில் பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. முன்னங்கால்கள் அந்தரத்தில், வீரன் ஈட்டியை ஓங்கியபடி, கீழே சீறும் விலங்கு. கல் அசையவில்லை. ஆனாலும் அடுத்த கணத்தில் என்ன நடக்கும் என்று நம் மனமே அசைத்துக்கொள்கிறது. சண்டைக் காட்சியின் உச்சத்தில் அனிமே சட்டென்று ஓர் ஓவியத்தில் உறைந்து நிற்பதும் இதே காரியத்துக்காகத்தான்.

இதையெல்லாம் முதல் முறை பார்க்கிறவர் கவனிக்க வேண்டுமானால் கண்ணுக்கு ஓய்வு வேண்டும். புதியவருக்கு ஒரே நேரத்தில் நான்கு விஷயங்கள் அந்நியமாக இருக்கின்றன: கதை, பெயர்கள், அந்நாட்டுப் பழக்கவழக்கம், பட மொழி. நெற்றியில் ஒரு பெரிய வியர்வைத் துளி வரைந்தால் சங்கடம் என்று பொருள். அது தெரியாதவருக்கு வெயில் என்றே தோன்றும். நான்கையும் ஒரே சுமையாகத் தலையில் ஏற்றினால் இரண்டாவது எபிசோடில் அவர் கைபேசியை எடுத்துவிடுவார். முதல் மூன்றையும் இறக்கிவைத்துவிட்டால் நான்காவது மட்டும் மிஞ்சும். அதைத்தானே பார்க்க வந்தோம். இந்த உண்மை நம் ஊருக்கு நன்றாகவே தெரியும். கம்பர் தம் இராமாயணத்தை அரங்கேற்றியது ஸ்ரீரங்கத்தில்தான் என்பது மரபு; தாயார் சந்நிதிக்கு அருகே உள்ள மண்டபத்தை இன்றும் அதற்காகவே காட்டுகிறார்கள். அங்கே கூடியவர்கள் சீதை மீட்கப்படுவாளா என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள் அல்லர். முடிவு எல்லோருக்கும் தெரியும். தெரிந்த கதையை இவர் எப்படிச் சொல்கிறார் என்று கேட்க வந்தவர்கள். இன்றும் உபன்யாசத்துக்குப் போகிறவர் யாரும் ‘அப்புறம் என்ன ஆயிற்று’ என்று கேட்பதில்லை. கதை தெரிந்தவர்தான் சொல்லும் முறைக்குத் தலையாட்ட முடியும்.

அந்த மண்டபத்தின் வழியாக யோசித்தால் முதல் அனிமே எது என்பது தானே வந்து நிற்கும்: ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’. இதன் தோற்றமே விசித்திரமானது. யூகோ சாகோ என்ற ஜப்பானியர், தொல்லியலாளர் பி.பி. லால் உத்தரப் பிரதேசத்தில் நடத்திய அகழாய்வுகளைப் பற்றி 1983இல் ஓர் ஆவணப்படம் எடுக்க வந்தார். வந்த இடத்தில் இராமாயணம் அவரைப் பிடித்துக்கொண்டது. நடிகர் ஒருவரை இராமனாக நிறுத்துவதைவிட ஓவியமே பொருத்தம் என்று அவர் முடிவு செய்தார். எதிர்ப்புகளும் இழுபறிகளும் வந்தன. தயாரிப்பு பெரும்பாலும் ஜப்பானிலேயே நடந்தது. இயக்கத்தில் அவருடன் கோயிச்சி சசாகியும் இந்திய அனிமேஷனின் முன்னோடியான ராம் மோகனும் சேர்ந்தார்கள். இசை வன்ராஜ் பாட்டியா. 1993 ஜனவரியில் டெல்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் படம் திரையிடப்பட்டது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்டிருந்தது. அந்தச் சூழலில் படம் திரையரங்குகளில் பரவலாக வரவில்லை. பிறகு தொலைக்காட்சியில் மறு ஒளிபரப்பாகி ஒரு தலைமுறையின் நினைவில் தங்கியது. 2025 ஜனவரி 24 அன்று புதுப்பிக்கப்பட்ட பிரதியாக, முதல் முறையாகத் தமிழ் டப்பிங்கோடும் திரைக்கு வந்தது. சுமார் இரண்டே கால் மணி நேரம். முழுக்கக் கையால் வரைந்த படம். கணினி வரைகலை இந்தத் தொழிலை மாற்றுவதற்கு முந்தைய காலத்தின் வேலை.

கதையைத் தொடர வேண்டிய அவசியம் இல்லாததால் இந்தப் படத்தை வேறு விதமாகப் பார்க்கலாம். ஒரு காட்சியில் ஆள் நகர்கிறானா, பின்னணி நகர்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். காட்டின் மரங்கள் நீர்வண்ண ஓவியம்போல மென்மையாகவும், அவற்றின் முன் நிற்கும் ஆட்கள் தெளிவான கோட்டுக்குள் ஒரே சீரான வண்ணத்திலும் இருப்பதைப் பாருங்கள். பின்னணி தாளில் வரையப்பட்டது. ஆட்கள் ‘செல்’ எனப்படும் ஒளி ஊடுருவும் தகட்டில் வரைந்து அதன்மேல் வைக்கப்பட்டவர்கள். இரண்டு அடுக்கும் தனித்தனிக் கைகளின் வேலை. கும்பகர்ணன் களத்துக்கு வரும்போது அவன் உடம்பு எவ்வளவு பெரியது என்பதை ஓவியர் எப்படி உணர்த்துகிறார்? அவனை மட்டும் பார்க்காமல், அவன் காலடியில் சிதறும் வானரங்களின் அளவைப் பாருங்கள். இப்படி ஒருமுறை பார்த்துவிட்டால், பிறகு எந்த அனிமேயைப் பார்த்தாலும் கண் தானாகவே அடுக்குகளைப் பிரித்துப் பார்க்கும்.

அனிமே ரசிகர் இங்கே ஆட்சேபிப்பார்: “இது அசல் அனிமே இல்லையே, இந்தியக் கதை, இந்திய முகம், கூட்டுத் தயாரிப்பு.” ஆட்சேபத்தில் பாதி சரி. இந்தப் படம் தொலைக்காட்சித் தொடரின் சிக்கனத்தைக் கற்றுத் தராது. ஜப்பானியப் பள்ளிக்கூடத்தையும் செர்ரிப் பூவையும் காட்டாது. ஆனால் வாசலின் வேலை உள்ளே விடுவது. மூலஸ்தானத்தைப் பெயர்த்து வாசலில் வைக்க முடியாது. மற்றொரு ஆட்சேபம் இன்னும் நியாயமானது: இராமாயணம் எல்லோருக்கும் பரிச்சயமான, பிடித்த கதையாக இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. விதி இராமாயணத்தைச் சார்ந்தது அல்ல, பரிச்சயத்தைச் சார்ந்தது. மலைக்கோட்டையைச் சுற்றிக் கோயிலும் தேவாலயமும் தர்காவும் உள்ள ஊர் இது. விவிலியக் கதைகளில் வளர்ந்தவர்களுக்கு டாட்சுனோகோ ஸ்டுடியோ 1981இல் எடுத்த ‘சூப்பர்புக்’ இருக்கிறது. சமயமே வேண்டாம் என்பவர்களுக்கு, அலெக்சாந்தர் டூமாவின் மாண்டி கிறிஸ்டோ கதையை எதிர்கால விண்வெளிக்குக் கொண்டுபோகும் ‘கான்குட்சுவோ’ 24 எபிசோடுகள். தூர்தர்ஷனில் மௌக்லியைப் பார்த்து வளர்ந்தவர்கள், அந்த ‘ஜங்கிள் புக்’ 1989இல் நிப்பான் அனிமேஷன் எடுத்த ஜப்பானியத் தொடர் என்று தெரிந்தால், தாங்கள் எப்போதோ உள்ளே வந்துவிட்டதை உணர்வார்கள்.

இரண்டாம் படியில் கதை புதிதாக இருக்கலாம், வகை மட்டும் பழகியதாக இருந்தால் போதும். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதாவை வாசித்தவர்களுக்கு ‘புளூட்டோ’வைச் சொல்லலாம். தெசுகாவின் ஆஸ்ட்ரோ பாய் கதை ஒன்றை நவோகி உரசாவா மறுபடி எழுதியது. 2023இல் எட்டே எபிசோடுகளாக வந்தது. உலகின் ஆற்றல்மிக்க ரோபோக்கள் ஒவ்வொன்றாகக் கொல்லப்படுகின்றன. துப்பறிகிறவரும் ஒரு ரோபோதான். கணேஷ்-வசந்த் விசாரணையும் ‘என் இனிய இயந்திரா’வின் ஜீனோவும் ஒரே கதைக்குள் வந்தது போலிருக்கும். ‘தில்லு முல்லு’ போன்ற ஆள்மாறாட்ட நகைச்சுவை பிடித்தவர்களுக்கு ‘ஸ்பை ஃபேமிலி’: கணவன் ஒற்றன், மனைவி கூலிக்கொலையாளி, இருவர் மனத்தையும் படிக்கிற குழந்தை, முதல் பருவம் 25 எபிசோடுகள். மாலையில் மைதானத்தில் கைப்பந்து ஆடுகிறவர்களுக்கு ‘ஹைக்யூ’. குழந்தைகளோடு பார்க்க ‘டோட்டோரோ’, 86 நிமிடம். ஒரு எபிசோட் என்பது ஏறக்குறைய 24 நிமிடம். மத்தியப் பேருந்து நிலையத்தில் 1ஆம் எண் பேருந்தில் ஏறி ஸ்ரீரங்கத்தில் இறங்குவதற்குள் ஒன்று முடிந்துவிடும். மூன்று பயணம் முடிந்தும் மனம் ஒட்டாவிட்டால், குற்ற உணர்ச்சி இல்லாமல் விட்டுவிடலாம்.

“நேரம் குறைவு, நேராக உச்சத்தையே பார்த்துவிட்டால் என்ன?” என்று கேட்பவர்களும் உண்டு. இதற்குப் பதில் எதிர்த்திசையிலிருந்து கிடைக்கிறது. 1998இல் டோக்கியோவில் ரஜினிகாந்தின் ‘முத்து’ வெளியாகிப் பல வாரங்கள் ஓடியது. அதன் வழியாக ஜப்பானியர் பலர் தமிழ் சினிமாவுக்குள் வந்தார்கள். தமிழின் தலைசிறந்த படம் எது என்று நாம் கூடிப் பேசி அனுப்பிவைத்தது அல்ல அது. பாட்டு, சண்டை, சிரிப்பு, தாய்ப்பாசம் என்று யாருக்கும் விளக்கவுரை தேவைப்படாத கலவை அது. உச்சங்கள் அதன் பிறகு வந்தால் போதும். 2001இல் வெளியாகி ஆஸ்கர் வென்ற, இயக்குநர் மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ ஒரு உச்சம்தான். ஆனால் அதில் வரும் குளியல் விடுதியும் நதித் தெய்வமும் பெயரைப் பறிக்கும் கிழவியும், பத்து மணி நேரம் அனிமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இருமடங்கு சுவை கொடுக்கும்.

கடைசியாக, தமிழ் டப்பிங்கா, சப்டைட்டிலா என்ற பழைய சண்டை. மூலக் குரலில் நடிப்பின் நுட்பம் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் முதல் படத்தில் கண் திரையின் அடிவிளிம்பில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தால் மேலே ஓவியத்தைப் பார்ப்பது யார்? முன்பு சொன்ன மூன்று வாய்கள் இங்கே கைகொடுக்கின்றன. உதடு நுணுக்கமாக அசையாததால், மனிதர்கள் நடித்த படத்தைவிட இதில் தமிழ் உறுத்தாமல் உட்காரும். இன்னொரு வசதியும் உண்டு. ஜப்பானிய மொழி வயதுக்கும் உறவுக்கும் ஏற்ப விளிக்கும் மொழி. ஆங்கிலத்தில் போனால் அந்த அடுக்கு கரைந்துவிடும். நம்மிடம் நீ, நீங்கள், அண்ணா, அக்கா எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆகவே முதல் படத்தைத் தமிழிலேயே பாருங்கள். மூன்றாவது நான்காவதிலிருந்து மூலக் குரலுக்குப் போகலாம். அந்த முதல் படம் இராமாயணமாக இருந்தால் ஸ்ரீரங்கத்துக்காரருக்கு ஒரு கூடுதல் பாத்தியதையும் உண்டு. இராவணன் வீழ்ந்த பிறகு, விடைபெற்ற விபீஷணன், இராமன் தன் கையில் கொடுத்த கோயில் விமானத்தை இரண்டு ஆறுகளுக்கு நடுவே எங்கே இறக்கி வைத்தான் என்பதை ஜப்பானிய ஓவியர்கள் வரைந்து காட்டத் தேவையில்லை. அது இவர் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்.