எட்ட நின்று பேணும் கலை

இலங்கை யானையொன்று, எம்மவர்கள் அகதிகளாக வரத் தொடங்குவதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னரே சுவிற்சர்லாந்துக்கு வந்துவிட்டது. இலங்கையில் ஆய்வு நடத்திய பவுல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்னும் இயற்கை அறிவியலாளர் இருவர் 1886ஆம் ஆண்டில் அதனைப் பாசல் மிருகக்காட்சிச்சாலைக்கு வழங்கினர். அச்சாலையின் முதல் யானை அதுவே. "மிஸ் கும்புக்" என்பது அதன் பெயர். கும்புக் என்பது மருதமரத்தைக் குறிக்கும் சிங்களச் சொல்.

அன்று தொட்டு இன்றுவரை யானையைப் பேணும் முறை பெரிதும் மாறியுள்ளது. பிள்ளைகளோடு சூரிச் மிருகக்காட்சிச்சாலைக்குச் செல்வோர், அங்குள்ள பராமரிப்பாளர்கள் கூறும் விளக்கங்களுக்குச் சற்றுச் செவிகொடுத்தால் இதனை உணரலாம். யானையின் கருப்பகாலம் ஏறத்தாழ 22 மாதங்கள். மூத்த பெண்யானையே கூட்டத்தை வழிநடத்தும். இத்தகைய செய்திகளை அவர்கள் சலிப்பின்றிச் சொல்வர். ஆயின் அவர்கள் யானைகளோடு ஒரே வெளியில் நிற்பதில்லை. 2014ஆம் ஆண்டு யூன் மாதத்தில், ஏறத்தாழ 11,000 சதுர மீற்றர் பரப்பில் புதிய யானைப் பூங்கா திறக்கப்பட்டபோது இம்முறை நடைமுறைக்கு வந்தது. கால் நகத்தைச் செப்பனிடுவதாயினும் தடுப்புக்கு அப்பால் நின்றே, உணவைப் பரிசாகக் கொடுத்துச் செய்கின்றனர். தெகிவளையில் ஒருகாலத்தில் யானைகளை ஆடவைத்த காட்சியைக் கண்டவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றும்.

இவ்விலகலுக்குப் பின்னால் ஓர் அறிவியல் உண்டு. பேர்ண், பாசல், சூரிச் ஆகிய மூன்று நகரங்களின் விலங்குச்சாலைகளையும் அடுத்தடுத்து நிருவகித்த ஹைனி ஹெடிகர், 1942ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார். ஒவ்வொரு காட்டு விலங்குக்கும் ஒரு குறித்த தூரம் உண்டு. மனிதன் அதனைத் தாண்டி நெருங்கினால் அது ஓடிவிடும். ஓட இடமில்லாத சிறு கூட்டில் அடைபட்ட விலங்கு ஓயாத அச்சத்திலேயே வாழும். அகதி முகாமின் நெரிசலறையில் மாதக்கணக்கில் படுத்துறங்கியவர்க்கு இதற்கு விரிவுரை வேண்டியதில்லை.

2022ஆம் ஆண்டின் கோடையில் இப்பூங்காவைப் பெருந்துயர் சூழ்ந்தது. உமேஷ், ஒமிஷா, ருவானி என்னும் மூன்று இளம் யானைகள் ஒரு மாதத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன. முறையே இரண்டு, எட்டு, ஐந்து வயதுடையவை அவை. வளர்ந்த யானைகளின் உடலில் தீங்கின்றி உறைந்திருக்கும் ஒருவகை ஹேர்பிஸ் வைரசு, இளங்கன்றுகளில் திடீரென வீறுகொண்டு, குருதிக்கலன்களைச் சிதைத்து விரைவில் உயிரைப் பறிக்கின்றது. காட்டு யானைகளும் இந்நோய்க்குப் பலியாகின்றன.

உமேஷ் இறந்தபோது அதன் உடலைப் பராமரிப்பாளர்கள் உடனே அகற்றிவிடவில்லை. கூட்டத்தைச் சேர்ந்த யானைகள் அருகே வந்து விடைபெற இடமளித்தனர். அவை தாமாகவே விலகித் தம் வழமைக்குத் திரும்பும்வரை காத்திருப்பதே முறை என அவர்கள் அறிந்திருந்தனர்.

பெற்றாரின் மரணச் செய்தியைத் தொலைபேசியில் மாத்திரம் கேட்டு, கொள்ளி வைக்கவும் போகவியலாது இந்நாட்டில் இருந்தவர்கள் எம்மிற் பலர். பராமரிப்பாளர் யேர்மன் மொழியிற் சொல்வதையெல்லாம் பிள்ளைகள் எமக்குத் தமிழிற் சொல்வர். விடைபெறுதல் ஏன் வேண்டும் என்பதை மாத்திரம் நாமே அவர்களுக்குச் சொல்லலாம்.