நிழற்படமும் ஓவியன் கண்ணும்

நிழற்படத்தைப் பார்த்து ஓவியம் தீட்டுதல் இழுக்கன்றோ என மாணவர் சிலர் என்னை வினவுவதுண்டு. இழுக்கன்று என்பதே என் விடை. உருவ ஓவியத்திற் பெரும்புகழ் பெற்ற இரவிவர்மா (1848–1906), நேரில் வந்து அமர இயலாதோரின் உருவங்களை நிழற்படத்தின் துணைகொண்டு தீட்டினார். ஆயினும் துணை வேறு, தலைமை வேறு என்பதை மறத்தலாகாது.

மன்னார்ப் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தை நோக்குவோம். அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19 மீற்றர். உயரமோ 8 மீற்றருக்கும் குறைவு. அதனை முழுமையும் அடக்க விழைந்து, அண்மையில் நின்று அகன்ற கோண வில்லையாற் படமெடுத்தால், முன்னுள்ள கிளை அளவிறந்து பருக்கும், பின்னுள்ளது சுருங்கும். நண்பகலில் எடுத்த படத்தில் வானம் வெளிறும், நிழல் கருகும். அந்நிழலினுள்ளே பழுப்பும் நீலமும் விரவிக் கிடத்தலை நம் கண்ணே காணும். ஆதலின் கிளைகளின் பின்னலைப் படத்திற் கண்டு கொள்க. அளவையும் நிறத்தையும் மரத்தடியிற் சென்று கொள்க.

எனினும், படமே தலைமை பெறும் இடமும் உண்டு. அரிப்புக் கடற்கரையில் ஆளுநர் நோர்த் 1801 முதல் 1804 வரையிற் கட்டுவித்த மாளிகையை நம் மக்கள் அல்லிராணி கோட்டை என்பர். கடலரிப்பால் அதன் பெரும்பகுதி வீழ்ந்துவிட்டது. வீழ்ந்த சுவரை இன்று எக்கண் காணும்? பழைய படமே சான்று. ஆதலின் மாணவர்காள், நிற்பதை நேரிற் கண்டு தீட்டுக. எஞ்சிய சுவர்களை இன்றே படமெடுத்தும் வைக்க. நாளை வரும் ஓவியனுக்கு அவை வேண்டப்படும்.