4 மணிக்கு மலை ஏறிய சேதி!

கொடைக்கானல் மலையில் சூரியனை ஆராயும் கூடம் 1899-ல் அமைந்தது. அங்கே கடிகாரம் பிசகினால் கணக்கே பிசகும். ஆகவே மாலை 4 மணிக்குச் சென்னை வான ஆராய்ச்சிக் கூடம் தந்தியில் அனுப்பிய நேரக்குறியை வைத்துக் கடிகாரத்தைச் சரிபார்த்தார்கள்.

கம்பி நீண்டால் மின்சாரம் சோர்ந்துபோகும். தந்திக்காரர்கள் கண்ட வழி 'ரிலே'. சோர்ந்து வரும் மின்சாரம் ஒரு மின்காந்தத்துக்கு உயிர் கொடுக்கும். அது ஒரு தகட்டை இழுக்கும். தகடு தொட்டதும் புது பாட்டரியின் மின்சாரம் அடுத்த கம்பியில் பாயும். சேதி பழையது, பலம் புதிது!

இன்று கம்ப்யூட்டர் சில்லுகள் பேசிக்கொள்ளும் கம்பியிலும் இதே தொல்லைதான். கம்பி நீண்டு, சில்லுகளும் பெருகினால் துடிப்பு மெள்ள எழும்; கேட்கும் சில்லு தப்பாகப் படிக்கும். நடுவே ஒரு குட்டிச் சில்லு இருந்தால் துடிப்பைப் புதுப்பித்து அனுப்பும். அதற்கும் ஒரு நொடியின் மிகச் சிறிய பங்கு நேரம் பிடிக்கும். பொறியாளர்கள் அதையும் கணக்கில் சேர்க்கிறார்கள்.