ஃபூர்னாஸ் ஏரி: பச்சை நிறத்தின் கணக்கு

கோடை விடுமுறைக்கு அசோர்ஸ் தீவுகள் பிள்ளைகளுக்கு ஏற்ற இடமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். குடும்பத்தோடு போய்வந்தவன் என்ற முறையில், அங்குள்ள ஃபூர்னாஸ் ஏரியைப் பற்றிச் சொல்கிறேன்.

அசோர்ஸ், அத்திலாந்திக் சமுத்திரத்தில் போர்த்துக்கல்லுக்குச் சொந்தமான 9 தீவுகள். அவற்றில் பெரியது சாவோ மிகேல். அங்கே ஓர் எரிமலை தன் வயிற்றிலிருந்த குழம்பைக் கக்கியபின், மேற்பகுதி தாங்கமாட்டாமல் உள்ளே இடிந்து விழுந்தது. அந்தப் பள்ளத்தில் தேங்கிய நீர்தான் இந்த ஏரி. எரிமலை கடைசியாக வெடித்தது 1630இல். ஆனால் அது அணைந்துவிடவில்லை.

கரையிலே நிலம் கொதித்து ஆவி பறக்கிறது. இறைச்சி, கோவா, கரட், நம்முடைய சேம்பங்கிழங்கு எல்லாவற்றையும் பானையில் அடுக்கி, சூடான மண்ணுக்குள் புதைத்துவிடுகிறார்கள். சுமார் 6 மணித்தியாலத்தில் சாப்பாடு தயார். விறகும் இல்லை, காஸும் இல்லை.

ஏரி பச்சையாகத் தெரிகிறது. படத்துக்கு அழகுதான், ஆனால் அது ஒரு நோயின் அறிகுறி. சுற்றியுள்ள சரிவுகளில் பல்லாண்டுகளாகப் பசு மேய்த்தார்கள். பசளையையும் சாணத்தையும் மழை ஏரிக்குள் கழுவிவிட்டது. அதிலுள்ள பொசுபரசையும் நைதரசனையும் உண்டு பாசி பெருகியது.

கணக்காளனாக எனக்கு இது எளிதில் விளங்கியது. வரவு நிறைய, செலவு குறைவு. ஆகவே மாகாண அரசு மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியை விலைக்கு வாங்கி, தீவின் சொந்த மரங்களை நட்டது. மாடு வளர்த்தவர்கள் நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அப்படியும் ஏரி உடனே தெளியாது. அடிச்சேற்றில் படிந்த பொசுபரசு, பழைய கடனைப்போல மெல்ல மெல்ல நீருக்குத் திரும்புகிறது. நாற்பது வருடத்தில் சேர்ந்ததை நாலு வருடத்தில் தீர்க்கமுடியாது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆவி வரும் இடங்களில் வேலியைத் தாண்டவேண்டாம். மேல்மண் மெல்லியது, கீழே கொதிநீர். காபனீரொட்சைட்டு வாயுவும் நிலத்திலிருந்து கசிகிறது. அது காற்றைவிடப் பாரமானது, பள்ளங்களில் தங்கும், மணமும் இல்லை. சிறு பிள்ளைகளைக் குழிகளில் இறங்கி விளையாட விடாதீர்கள். மற்றப்படி, தாராளமாகப் போய்வாருங்கள்.